பதினோரு டோக்கன், பத்து தலை

என் நாத்தனாருக்கு எங்க காட்டு கேட்ல எல்லாரும் வெச்ச பேரு கடைசியக்கா. வீட்டுல அஞ்சு பிள்ளைங்கள்ல அவதான் கடைசி. காட்டுக்குள்ளயும் அவதான் கடைசி. மத்த கைடுங்க எல்லாம் முன்னாடி நடந்து, "அதோ பாருங்க இருவாச்சி, இதோ பாருங்க பறக்குற அணில்"னு கையை நீட்டிக்கிட்டே போவாங்க. இவ வந்தவங்களை முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி வருவா. மரத்துல வெள்ளை பெயின்ட் அடையாளம் இருக்கு, அதைப் பார்த்து நடங்கன்னு சொல்லிடுவா. நிக்கணும்னா நாக்கால ஒரு 'டக்'. அவ்வளவுதான். பத்துப் பதினஞ்சு பேரும் அப்படியே நின்னுடுவாங்க.

"ஏம்மா, நீ கைடா, ஆடு மேய்க்கிறவளா?"ன்னு நான் ஒரு தடவை கேலி பண்ணினேன்.

"முன்னாடி போறவங்களுக்குப் பாதை இருக்கு அண்ணி. பின்னாடி தங்கிட்டவங்களுக்கு யாரு இருக்கா?"ன்னா. சொல்லிட்டு, கால் விரல் இடுக்குல ஒட்டியிருந்த அட்டையைப் பிச்சுப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டா. பெருசா ஒண்ணு சொல்லிட்டோம்ங்கற நினைப்பே கிடையாது அவளுக்கு.

நான் கேட்ல கவுண்டர் பார்க்கிறவ. பதினாறு வருஷமா அதே ஜன்னல், அதே நாற்காலி. அவளுக்குப் பன்னிரண்டு வருஷம். அதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற லாட்ஜ்ல ரூம் துடைச்சுக்கிட்டு இருந்தா. பயிற்சிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு அதுல இஷ்டமே இல்ல. "தங்கச்சியைக் காட்டுக்கு அனுப்பிட்டு நீ நிழல்ல உட்கார்ந்துக்கோ"ன்னார். சும்மா வாய் வார்த்தைக்குத்தான் சொன்னார்.

எங்க கேட்ல ஒரு வழக்கம் உண்டு. கவுண்டர் ரூமுக்குள்ள, என் நாற்காலிக்குப் பின்னாடி, சுவர்ல ஒரு பலகை. அதுல நாப்பது ஆணி. ஒவ்வொரு ஆணியிலயும் நம்பர் போட்ட அலுமினிய டோக்கன், கயிறு கோத்தது. காட்டுக்குள்ள போறவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கழுத்துல போட்டுக்கணும். திரும்பி வந்ததும் அவங்கவங்க உள்ள வந்து, அவங்கவங்க கையால, அவங்கவங்க ஆணியில மாட்டணும். இன்னொருத்தர் மாட்டக்கூடாது. நான் மாட்டவே கூடாது. சாயங்காலம் பலகை நிறைஞ்சிருந்தா காட்டுக்குள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். கேட்டைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நல்ல வழக்கம்தான். ஆனா மழைக்காலத்துல அந்த ரூம் தரையை யாராவது வந்து பார்க்கணும். பூட்ஸ்ல சேறு, சேத்துல அட்டை, அட்டை கடிச்ச ரத்தம். ஒரு நாளைக்கு நாலு தடவை துடைப்பேன். வெள்ளைத் தரை வேற. எந்தப் புண்ணியவான் மழைக்காட்டு வாசல்ல வெள்ளை டைல்ஸ் போட்டானோ, அவன் கையில கிடைச்சா நாலு கேள்வி கேட்காம விடமாட்டேன். எனக்கு இடுப்பு வலி. குனிஞ்சா நிமிர அரை நிமிஷம் ஆகும்.

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு வேன்ல ஒரு ஆபீஸ் கோஷ்டி வந்துச்சு. பதினோரு பேர். கூட்டிட்டு வந்த சூப்பர்வைசருக்கு எல்லாத்துலயும் அவசரம். அவர்கிட்ட டோக்கன் வழக்கத்தை ரெண்டு தடவை சொன்னேன். "புரியுது மேடம், புரியுது மேடம்"னு தலையை ஆட்டினார். எல்லாரும் கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் என் ஜன்னலைத் தாண்டினாங்க. அந்தப் பக்கம் ஷெட்ல அட்டை கடிக்காம இருக்கப் போடற சாக்ஸ் கட்டறப்போ, "தொலைச்சிடுவீங்கப்பா, என்கிட்டயே கொடுங்க"ன்னு அத்தனை டோக்கனையும் வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டாராம். மேல ரெயின்கோட் மாட்டிட்டதால கழுத்துல இருக்கா இல்லையான்னு என் நாத்தனாருக்கும் தெரியல. பாவம், யாருக்குமே தெரியல.

அந்தக் கோஷ்டியில ஒரு பெரியவர். ரெக்கார்ட் ரூம்ல வேலை பார்க்கிறவராம். பச்சைத் தொப்பி, தடிமன் கண்ணாடி, அதிகம் பேச்சில்ல. மத்தவங்க செல்ஃபி எடுக்கறப்போ அவர் என் ஜன்னல் பக்கத்துல ஒட்டியிருந்த பறவைப் படத்தை ஒண்ணு விடாமப் படிச்சுக்கிட்டு இருந்தார். "இருவாச்சியைப் பார்க்க முடியுமாம்மா?"ன்னு கேட்டார். அதிர்ஷ்டம் இருந்தா பார்க்கலாம் சார்னேன்.

மூணேகால் இருக்கும். மழை கொட்ட ஆரம்பிச்சது. இவங்க ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தப்போ, திரும்பற பாதையில மூங்கில் ஒடியிற சத்தம் கேட்டதாம். குட்டியோட யானை. என் நாத்தனாருக்குச் சத்தம் கேட்ட உடனே தெரிஞ்சிடுச்சு. வழக்கமான பாதையில திரும்பி வர முடியாது. பாறை ஓரமா ஒரு ஒத்தையடி இருக்கு, அதுல அடையாளம் கிடையாது, தெரிஞ்சவங்கதான் முன்னாடி போகணும். பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையா அவ முன்னாடி வந்தா. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "சார், நீங்க கடைசியா வாங்க. உங்களுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கக்கூடாது"ன்னு சொன்னா. அவரும் தலையை ஆட்டினார். எல்லாத்துக்கும் தலையை ஆட்டுறவர்தானே. மூங்கில் இன்னொரு தடவை ஒடிஞ்சதும் கடைசியில இருந்த சூப்பர்வைசர் குடுகுடுன்னு முந்தி மூணாவது ஆளா வந்து நின்னுட்டார். இதையெல்லாம் அவரே விசாரணையில அழுதுகிட்டே சொன்னார்.

நாலு மணிக்குக் கூட்டம் வெளிய ஓடி வந்துச்சு. நனைஞ்சு, நடுங்கி, சிரிச்சு, கத்தி. பாதி பேர் வேனுக்கு, பாதி பேர் கழிவறைக்கு. ரூமுக்குள்ள அப்பதான் தரையைத் துடைச்சு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வந்து ஒரு கொத்து டோக்கனை நீட்டினார்.

"பதினொண்ணும் இருக்கு மேடம். எண்ணிக்கோங்க."

"உள்ள வந்து அவங்கவங்கதான் மாட்டணும் சார்."

"எல்லாரும் சேறும் சகதியுமா இருக்கோம் மேடம். உங்க ரூம் நாறிடும்."

நான் தரையைத் திரும்பிப் பார்த்தேன். பளபளன்னு இருந்துச்சு. கையை நீட்டி வாங்கிக்கிட்டேன். எண்ணினேன், பதினொண்ணு. ஒவ்வொண்ணா என் கையாலயே மாட்டினேன். பலகை நிறைஞ்சது. ரெண்டு வேனும் கிளம்பிடுச்சு.

வளைவுல ஒதுங்கி நின்னு எல்லாரையும் எண்ணி விட்டுட்டு, இன்னும் யாராவது வர்றாங்களான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் அவ வந்தா. ரெயின்கோட்டை வாசல்லயே உதறிட்டு, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உள்ள வரல. நான் துடைச்சா அவ உள்ள வரமாட்டா, அண்ணிக்கு இடுப்பு வலின்னு அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, பத்து தலைதான் எண்ணினேன்."

"மழையில எண்ணினியா? ஒரு குடைக்குள்ள மூணு பேர் ஓடினாங்க."

"பதினொண்ணு வரணும். அந்தத் தொப்பிக்காரரை நான் பார்க்கல."

"கழிவறைப் பக்கம் போயிருப்பாரு. இங்க பாரு, பலகை நிறைஞ்சிருக்கு."

அவ பலகையைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டா: "அவங்கவங்க கையாலதானே மாட்டினாங்க அண்ணி?"

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனை நாள் கேட்டுக்கிட்டேன் தெரியுமா? பயமா? வீம்பா? பதினாறு வருஷ சர்வீஸ்காரியை நேத்து வந்தவ கேள்வி கேட்கிறதாங்கற திமிரா? அவ நேத்து வந்தவளும் இல்ல. என்ன எழவோ, வாயில வந்துடுச்சு.

"ஆமா"ன்னேன்.

அவ வெளி பெஞ்சில உட்கார்ந்தா. பூட்ஸைக் கழட்டினா. உப்புப் பையை எடுத்துக் கெண்டைக்கால்ல இருந்த அட்டைங்களுக்கு மேல தடவினா. ஜன்னல் வழியா டீ நீட்டினேன். வாங்கி ஊதி ஊதிக் குடிச்சா. நான் உள்ள உட்கார்ந்து, தொப்பிக்காரர் எடுத்துட்டுப் போன பதினோராம் நம்பர் டோக்கனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுப் போய், "இல்லடி, நான்தான் மாட்டினேன்"னு சொல்ல நாலு எட்டு எடுத்து வைக்கணும். நாலே எட்டு. சொல்லியிருந்தா அவ அப்பவே போயிருப்பா. இப்ப சொல்றேன், அப்ப சொல்றேன்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருபது நிமிஷம் ஓட்டிட்டேன்.

நாலேகாலுக்கு மேல போன் அடிச்சது. சூப்பர்வைசர். "மேடம், எங்க ஆள் ஒருத்தர் முதல் வேன்ல இருக்கார்னு நாங்க நினைச்சோம். அவங்க எங்க வேன்ல இருக்கார்னு நினைச்சிருக்காங்க. அங்க யாராவது...?"

போனை வைக்கறதுக்குள்ள அவ பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தா. என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டா.

"வாட்சருங்க வர்ற வரைக்கும் இரு. தனியாப் போகக்கூடாதுன்னு ரூல் இருக்கு"ன்னேன். ரூல் பேச வாய் வந்துச்சு பாருங்க எனக்கு!

"அவங்க மேல் கேம்ப்ல இருந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஓடைத் தண்ணி அதுக்குள்ள மரப் பாலத்துக்கு மேல வந்துடும். வாக்கி-டாக்கியில சொல்லிடுங்க அண்ணி"ன்னு சொல்லிட்டு நடந்தா. ஓடல. காட்டுக்குள்ள எதுக்கும் ஓடக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்றவ அவதான். அந்த வளைவு வரைக்கும் மஞ்சள் ரெயின்கோட் தெரிஞ்சது. அப்புறம் மழைதான் தெரிஞ்சது.

வாக்கியில மேல் கேம்புக்குச் சொன்னேன். ரேஞ்சர் ஆபீசுக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லல. அப்புறம் செய்ய ஒண்ணும் இல்ல. திரும்பிப் பலகையைப் பார்த்தேன். நிறைஞ்சு நின்னுச்சு. உள்ள ரெண்டு உயிர் மாட்டிக்கிட்டு இருக்கு, இங்க பலகை எல்லாரும் வந்தாச்சுங்குது. கைடுங்களுக்குன்னு அதுல ஆணியே கிடையாது. பதினாறு வருஷமா அந்தப் பலகைக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கேன், அன்னைக்குத்தான் எனக்கு அது உறைச்சது. பதினொண்ணாம் நம்பரைக் கழட்டினேன். அவளுக்காகப் பன்னிரண்டையும் கழட்டினேன். ரெண்டையும் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன்.

அஞ்சு மணி. அஞ்சு பத்து. மழை கொஞ்சம் விட்டுச்சு. தூரத்துல ஒரு பிளிறல். ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கப்புறம் பூச்சிங்க கூட சத்தம் போடல. நான் சாமி கும்பிடறவ இல்ல. அன்னைக்கு யாருன்னு இல்லாம எல்லாரையும் கூப்பிட்டேன். அவளைக் கொண்டு வந்து விட்டுடு, நான் உண்மையைச் சொல்லிடறேன், வேலை போனாலும் பரவாயில்லன்னு வாய்விட்டே சொன்னேன்.

அஞ்சரைக்கு வளைவுல ஒரு உருவம் தெரிஞ்சது. ஓடினேன், இடுப்பு வலியாவது ஒண்ணாவது. தொப்பிக்காரர். தொப்பி இல்ல, கண்ணாடி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு, முழங்கால் வரை சேறு. அவர் தோள்ல அவளோட மஞ்சள் ரெயின்கோட்.

"அவ எங்க சார்?"

"பின்னாடிதாம்மா வர்றாங்க"ன்னார். திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பின்னாடியேதான் வந்தாங்க..."

பாதையில யாரும் இல்ல.

அவரை உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, துண்டு துண்டாக் கேட்டு வாங்கினேன். இருவாச்சி சத்தம் கேட்டு நின்னிருக்கார். மேல தேடிட்டுத் திரும்பினா முன்னாடி யாரும் இல்ல. வெள்ளை அடையாளத்தைப் பார்த்துப் பழைய பாதையிலயே நடந்து, சறுக்கி விழுந்து, கண்ணாடி உடைஞ்சு, ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அவ வந்து கண்டுபிடிச்சிருக்கா. பாலத்துக்கு வந்தா, அந்தப் பக்கக் கரையில இவங்க, பின்னாடி பத்தடியில தாய் யானை இறங்கி வந்து நிக்குது. "சார், நீங்க முன்னாடி போங்க. மெதுவா நடங்க. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க. நான் உங்களுக்குப் பின்னாடிதான் இருப்பேன்"னு சொல்லியிருக்கா. அவர் திரும்பல. பிளிறல் கேட்டப்போ கூடத் திரும்பல. "அவங்க சொன்னாங்கன்னு திரும்பாமலே வந்துட்டேம்மா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவரை நான் என்னன்னு திட்ட?

வாட்சருங்க நாலு பேர் மேல இருந்து இறங்கி உள்ள போனாங்க. ஆறேகாலுக்கு அவளைத் தூக்கிட்டு வந்தாங்க. யானை அவளைத் தொடல. யானையைப் பார்த்துக்கிட்டே பின்னால அடி வெச்சுப் பாலத்தைக் கடந்திருக்கா. பாதியில பாலத்துப் பலகை வழுக்கி, மரக்கட்டைக்கும் பாறைக்கும் நடுவுல வலது முழங்கால் சிக்கிடுச்சு. மார்பு வரைக்கும் தண்ணி. அந்தத் தாய் யானை கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுக் குட்டியைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிடுச்சாம்.

உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. என்னைப் பார்த்ததும், "அவர் வந்துட்டாரா அண்ணி?"ன்னு கேட்டா. வந்துட்டாருடின்னேன். கண்ணை மூடிக்கிட்டா.

ஜீப்ல ஏத்தறப்போ மூத்த வாட்சர் பக்கத்துல நின்னவர்கிட்ட சொன்னார்: "தடத்தைப் பார்த்தியா? யானை அஞ்சு மணிக்கு மேலதான் பாலத்துக்கு இறங்கியிருக்கு. அந்தப் புள்ள ஒரு கால் மணி முன்னாடி போயிருந்தா நோகாமக் கூட்டிட்டு வந்திருக்கும்." அவர் என்கிட்ட சொல்லல. ஆனா எனக்குத்தான் கேட்டுச்சு.

விசாரணை நடந்துச்சு. டோக்கனை நான்தான் வாங்கி மாட்டினேன்னு ரேஞ்சர்கிட்ட ஒத்துக்கிட்டேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாங்க, அவ்வளவுதான். அவ கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் யாரும் கேட்கல. நான் சொல்லல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து வாக்குமூலம் கொடுத்தப்போ அவளும் சொல்லல. வாசல்ல வேண்டிக்கிட்டதை வாசல்லயே விட்டுட்டேன்.

முழங்கால் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். காட்டுப் பாதை இனி இல்ல. எட்டு மாசம் கழிச்சு அவளை எனக்குப் பக்கத்துல, பலகை ஓரமா ஒரு ஸ்டூல்ல உட்கார வெச்சாங்க. நீட்டின காலோட உட்கார்ந்து ஜன்னல் வழியா தலை எண்ணுவா. கட்டை விரலால மத்த விரலுங்களைத் தொட்டுத் தொட்டு. பலகையில கைடுங்களுக்குன்னு ஆறு ஆணி புதுசா அடிச்சாச்சு, அது நான் சண்டை போட்டு வாங்கினது. சாயங்காலம் பலகை நிறைஞ்சதும் என்னைப் பார்த்துக் கேட்பா: "அவங்கவங்க கையாலதானே மாட்டினாங்க அண்ணி?" தினமும். அதே குரல். குத்திக் காட்டற பழக்கம் அவளுக்கு இல்ல. வேலை, கேட்கிறா. ஆனா நான் ஒவ்வொரு நாளும் ஆமான்னு சொல்லிட்டுத் துடைப்பத்தைத் தேடிப் போயிடுவேன்.

போன மழைக்கு ஒரு நாள் தாங்க முடியல. துடைப்பத்தை அப்படியே கீழ போட்டுட்டு அவ ஸ்டூல் பக்கத்துல தரையில உட்கார்ந்துட்டேன்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்டி. எல்லாத்தையும் நான்தான் மாட்டினேன். நீ கேட்டப்பவே சொல்லியிருந்தா உன் கால் போயிருக்காது."

அவ கை நீட்டிப் பலகையில சாய்ஞ்சிருந்த ஒரு டோக்கனை நேராக்கினா. அப்புறம், "தெரியும் அண்ணி"ன்னா.

"எப்படி?"

"தரை பளபளன்னு இருந்துச்சு. பதினோரு பேர் உள்ள வந்திருந்தா ஒரு சேத்துத் தடம் கூடவா இருக்காது? வாசல்ல நின்னப்பவே பார்த்தேன்."

"பார்த்துட்டும் ஏன்டி உட்கார்ந்தே?"

"நீங்க ஆமான்னு சொன்னீங்க. எனக்குக் கால் வலிச்சது. மழை வேற. நீங்க சொன்னது நிஜமா இருக்கட்டும்னு நினைச்சு உட்கார்ந்துட்டேன்." நீட்டின காலைத் தடவிக்கிட்டே சொன்னா. "அந்த டீயை நானும்தானே குடிச்சேன் அண்ணி."

நான் அழுதேன். அவ அழல. "எந்திரிங்க, நாலு மணி கூட்டம் வருது. இடுப்பைப் பிடிச்சுக்கப் போகுது"ன்னா.

பதினாலு பேர் வந்தாங்க. ஒவ்வொருத்தரா உள்ள வந்து மாட்டிட்டுப் போனாங்க. கடைசியா கைடு தன் டோக்கனை மாட்டினான். பலகை நிறைஞ்சது. அவ என் பக்கம் திரும்பினா.

"அவங்கவங்க கையாலதானே மாட்டினாங்க அண்ணி?"

எந்திரிச்சு நின்னு தரையைப் பார்த்தேன். வாசல்ல இருந்து பலகை வரைக்கும் ஒரே சேறு, தடத்து மேல தடம், ரெண்டு அட்டை வேற நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஆமான்னு சொன்னேன்.